வாசித்ததாக நடித்த இரண்டு பக்கம்

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஐம்பத்தாறு வயதில், கொழும்பில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய ஒருவன் இதை எழுதுவது வெட்கக்கேடுதான். கதைக்கத் தெரியும். மீன்காரரோடு சண்டை பிடிப்பேன், ஓட்டோக்காரரோடு அரசியல் பேசுவேன், என் பகிடிக்குச் சிங்களச் சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்திருக்கிறது. எழுத்து என்று வந்தால் எனக்கு எல்லாமே வட்டமாகத்தான் தெரியும். பஸ்ஸை இலக்கத்தால் பிடிப்பேன். எங்கள் மாடிக் கட்டடத்தில் அறிவித்தல் ஒட்டினால், யாராவது வந்து சத்தமாக வாசிக்கும்வரை பக்கத்தில் நின்று சேர்ட் பொத்தானைச் சரிசெய்வேன். யாராவது கையில் கடதாசி தந்தால், கண்ணாடியை வீட்டில் விட்டிட்டு வந்திட்டன் என்பேன்.

அந்தப் பின்னேரம் பொலிஸ் நிலையத்தில் கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

என்னை அங்கே கூப்பிட்டது என் வீட்டில் குடியிருந்தவருக்காக. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் எனக்கு இரண்டு அறை உள்ள ஒரு வீடு. மனிசி, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதத்துக்கென்று கனடா போனவள், நாலு வருடமாக அங்கேயே இருக்கிறாள். ஒரு அறை சும்மா கிடக்கிறது, வாடகைக்கு விடப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், சுவரோடு பகிடி விட்டு எனக்கு அலுத்துப் போயிருந்தது.

வந்தவர் மலையகத்து மனிதர். நாற்பது வயதிருக்கும். மனைவி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். இவர் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் பொதி கட்டுவார், கொண்டுபோய்க் கொடுப்பார். காலை ஏழுக்குப் போய் இரவு ஏழுக்கு வருவார். வந்ததும் இரண்டு பேருக்கும் சோறு போடுவார். எனக்கு வாய்த்த சபை அது ஒன்றுதான், அதுவும் சிரிக்காத சபை. நான் என்ன சொன்னாலும் "சரிங்கண்ணே" என்பார். இரண்டு நாள் கழித்து, கோப்பை கழுவும்போது, தனியாகச் சிரிப்பார். என் பகிடி அவருக்குள் இறங்க அவ்வளவு நேரம் எடுக்கும்.

பொலிஸ் அவரைப் பிடித்ததற்கு முதல் நாள் இரவு சாப்பாட்டில் சொன்னேன்: "தம்பி, கனடாவில மாசம் நீளம் போல. என்ர மனிசிக்கு ஆறு மாசம் இன்னும் முடியேல்லை."

"சரிங்கண்ணே" என்றார்.

அடுத்த நாள் கிராண்ட்பாஸில் ஒரு கடைக்குப் பொதி கொடுக்கப் போயிருக்கிறார். அந்த நேரம் பொலிஸ் அந்த ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்து, உள்ளே நின்ற எல்லோரையும் ஏற்றியது. போதைப்பொருள் தேடுதல். சாக்கடைக் கானுக்குள் ஒரு தூள் பக்கெட் கிடந்ததாம். சிங்களத்தில் கதைத்துச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் பொழுதுபடமுன் வீடு போய்விட்டார்கள். இவருக்குத் தெரிந்த சிங்களம் பொதியை எங்கே இறக்குவது என்று கேட்கும் அளவுக்குத்தான். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம். கொழும்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டபோது பயத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

நான் போனது பெரிய நம்பிக்கையோடு. வாயால் வெல்ல முடியாத இடம் எதையும் நான் அதுவரை கண்டதில்லை. எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் இளவயது, மரியாதையானவர். நான் அவரை மல்லி என்றேன், அவர் என்னை அய்யே என்றார். தம்பியும் அண்ணனும் ஆகிவிட்டோம். பிடிபட்டவர் கம்பிக்குள் இருந்து பார்க்க, எனக்கு ஒரு பிளேன்டீகூட வந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன். இரண்டு வருடமாக என்னோடு இருக்கிறார், குடி இல்லை, வேலைக்குப் போவார், வருவார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் வேறு ஆள்.

"ஆள் எப்படி?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசமா ஒரே சட்டிச் சோறு. எனக்கு இன்னும் ஆள் பிடிபடேல்லை மல்லி. என்ர பகிடிக்கு ஒருநாளும் சிரிக்கேல்லை. எனக்கெண்டால் சந்தேகமான ஆள்தான்" என்று சிங்களத்தில் அடித்துவிட்டேன்.

அவர் நன்றாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

எழுதி முடித்து இரண்டு பக்கத்தையும் என் முன் வைத்து, வாசித்துவிட்டு ஒப்பமிடச் சொன்னார். என்ன இருக்கு எண்டு ஒருக்கால் வாசிச்சுச் சொல்லும் மல்லி என்று கேட்டிருக்கலாம். இவ்வளவு நேரம் அவருடைய மொழியில் அவரையே சிரிக்க வைத்த பெருமை என்னை விடவில்லை. கண்ணை வரிவரியாக நகர்த்தினேன். ஒரு இடத்தில் புருவத்தை உயர்த்தினேன். இரண்டாம் பக்கத்திலிருந்து முதலாம் பக்கத்துக்குத் திரும்பி எதையோ சரிபார்த்தேன். "ஹரி", எல்லாம் சரி என்று சிங்களத்தில் சொல்லி ஒப்பம் வைத்தேன். இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்து வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.

அவரைச் சிறையில், விளக்கமறியலில் போட்டார்கள். பதினான்கு நாள், பிறகு இன்னொரு பதினான்கு நாள். பிறகு நாங்கள் நாட்களை எண்ணுவதை விட்டு நீதிமன்றத் தவணையை எண்ணத் தொடங்கினோம். கான் பக்கெட்டில் இருந்தது என்னவென்ற அறிக்கை வரவில்லை. பிணை கேட்டால் கிடைக்கவில்லை.

அவருடைய மனைவி தோட்டத்துச் சங்கம் மூலம் ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருந்தாள். முஸ்லிம் பெண்மணி, வேகமாக நடப்பவர். நாலாம் மாதம் என்னை, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டு, மீன் ரோல்ஸ் தட்டை ஒரு பக்கம் தள்ளி, என் வாக்குமூலத்தின் பிரதியை மேசையில் விரித்தார்.

"பிணை ஏன் கிடைக்கல்லன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்கதான் காரணம். ஆளைப் பத்தி நல்லாத் தெரியாது, நடத்தையில சந்தேகம் இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டு வருஷம் இருந்தாருன்னு ஒரு எழுத்து இதுல இல்ல. நிலையான விலாசம் இல்லாத ஆளாக்கிட்டீங்க."

பகிடியை மட்டும் எழுதியிருந்தார் மல்லி. சிரிப்பை எழுதவில்லை.

"வாசிச்சுத்தானே ஒப்பம் வெச்சீங்க?"

தட்டைப் பார்த்தேன். "ஓம், வாசிச்சனான்" என்றேன். "அந்த நேரம் வடிவாக் கவனிக்கேல்லை."

அவர் பேனையை மூடினார். "அப்ப நான் என்ன செய்றது?"

முதல் பொய்க்குப் பெருமையைச் சாட்டலாம். இந்தப் பொய்க்கு எதைச் சாட்டுவதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்காக அவர் மேலும் இரண்டு மாதம் உள்ளே இருந்தார்.

அவரைப் பார்க்கப் போகாமல் சாட்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் போனேன். சிறை வாசலில் வரிசை. கொழும்பில் வேறு எந்த வரிசையிலும் எங்கள் தமிழ் ஒன்றிரண்டு இடத்தில்தான் கேட்கும். இந்த வரிசையில் மட்டும் முன்னும் பின்னும் அதுதான்: மலையகத் தமிழ், கொட்டாஞ்சேனைத் தமிழ், வடக்குத் தமிழ். பிள்ளைகளோடு பெண்கள், பொலித்தீன் பையில் சோற்றுப் பார்சல். எனக்கு முன்னால் நின்ற கொட்டாஞ்சேனைப் பெண்ணிடம் எவ்வளவு காலம் என்று கேட்டேன். "மூத்தவன் நடக்கப் பழகினதுல இருந்து" என்றாள். மூத்தவன் புத்தகப் பையோடு நின்றான்.

கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினார்கள். அவர் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டார்.

"உள்ள எப்பிடித் தம்பி?"

"எடமில்லண்ணே. ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். ஒருத்தன் திரும்புனா வரிசையில எல்லாரும் திரும்பணும். திரும்புறதுக்குன்னே ஒருத்தன் சத்தம் குடுப்பான்." கம்பிக்குக் கிட்ட வந்தார். "ஒங்க கனடா மாசம் இருக்கில்ல? இங்க வந்த ரெண்டாம் நாள் அதுக்குச் சிரிச்சேன். பக்கத்துல இருந்தவனுக்கும் சொன்னேன். இங்கயும் மாசம் அப்படித்தான் நீளமா இருக்குது."

பிறகு கேட்டார்: "நீங்க என்னண்ணே எழுதிக் குடுத்தீங்க? லோயரம்மா என்னென்னமோ சொல்றாங்க."

நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அந்த மணிக்கு நன்றி சொன்னேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டில் என் கட்டில் இரண்டு பேர் படுக்கும் கட்டில். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரும் திரும்பத் தேவையில்லை. அவருடைய அறையில் கொடியில் ஒரு சாரம் தொங்கியது. அதை மடித்து வைத்தேன், பிறகு மடித்திருந்தால் போய்விட்டவர் போல இருக்கிறதென்று திரும்பவும் கொடியில் போட்டேன்.

விடிந்ததும் புதுக்கடைக்குப் போய் லோயரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "இதைச் சொல்ல இவ்வளவு காலமா?" என்று மட்டும் கேட்டு, சத்தியக்கடதாசி தயாரித்தார்.

தவணை நாளில் நீதவான் அந்த வாக்குமூலத்தை என் கையில் கொடுக்கச் சொன்னார். முதல் வரியை வாசியுங்கள் என்றார். மன்றில் சனம் நிறைந்திருந்தது. கைதிக் கூட்டுக்குள் நின்று அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கில் மூன்று பகிடி வந்து நின்றது. மூன்றையும் விழுங்கிவிட்டு, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சிங்களத்தில் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகத் திருத்தமான சிங்களம் அதுதான். பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நான் விடாத பகிடிக்குக் கிடைத்த முதல் சிரிப்பு.

அன்றே பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் இருக்கிறது. கடை வேலை அவருக்கு இல்லை.

பஸ்ஸில் யன்னல் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வெள்ளவத்தைவரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சாரத்தைக் கொடியிலிருந்து எடுத்துப் பையில் வைத்தார். சாப்பிட்டிட்டுப் போம் தம்பி என்றேன். பரவாயில்ல, ரயிலுக்கு நேரமாச்சு என்றார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், வெட்கம் அது இது என்று. செருப்பைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"எனக்குந்தாண்ணே வாசிக்கத் தெரியாது. எங்கிட்டயும் கடதாசிய நீட்டுனாங்க. தெரியாதுன்னேன், அடிச்சாங்க. அப்பவும் நான் கையெழுத்துப் போடல. ஒங்களுக்குப் பிளேன்டீ குடுத்தாங்க."