மறைத்து வைத்த வரன்

இணையத்தில் எதையாவது தேடிவிட்டு, "பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை" என்று அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். தரகர் ஒரு இடத்தைச் சொன்னால் நூறு கேள்வி கேட்பார்கள், அவர் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துதான் காதில் வாங்குவார்கள். அதையே கம்ப்யூட்டர் திரை சொன்னால் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அந்தத் திரைக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், அவளுக்கும் ரோஷம், வன்மம் எல்லாம் உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நான் அப்படி எழுதியவள். எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றை, ஒரு குடும்பத்தைப் பழிவாங்குவதற்காகவே எழுதினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்யாண வரன்களை இணையத்தில் போடும் சேவை. முதலாளி, டைப் அடிக்கும் பெண், நான், அவ்வளவுதான் ஆட்கள். பெற்றோர்கள் ஜாதக நகலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுமாக மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து படிவம் நிரப்புவார்கள். டைப் அடிக்கும் பெண் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். வெளிநாட்டிலிருந்தோ இங்கே ஏதாவது ப்ரௌசிங் சென்டரிலிருந்தோ யாராவது வயது, நட்சத்திரம், படிப்பு எல்லாம் கொடுத்துத் தேடினால், பொருந்துகிறவர்களின் பட்டியல் வரும். பிடித்திருந்தால் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு வரும், நாங்கள் அந்த வீட்டுக்குப் போன் செய்து சொல்லுவோம். அந்தப் பட்டியலைத் தேடி எடுக்கும் நிரல் என்னுடையது. அதைத் திறந்து பார்க்கக்கூட அங்கே வேறு ஆள் கிடையாது.

இணையத்துக்கும் போனுக்கும் ஒரே லைன். நான் மோடத்தைப் போட்டால் வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. "இன்னாம்மா, எப்போ போன் போட்டாலும் எங்கேஜ்டாவே கீதுன்னு கஸ்டமர் கத்திக்கினு கீறான்" என்று திருவல்லிக்கேணிக்காரரான முதலாளி தினம் ஒரு முறையாவது புலம்புவார். அதனால் போன் என் மேஜை மேலேயே இருந்தது. மோடத்தை எடுத்துவிட்டுப் போனுக்குப் பதில் சொல்வதும் என் வேலையாயிற்று.

பழிக்குக் காரணம் அதற்கு முந்தைய வருஷம் நடந்தது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வீடும் லஸ் பக்கம்தான், நடந்தால் பத்து நிமிஷம். பையனுக்கு வங்கியில் வேலை. நான் என்ன செய்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். சொஜ்ஜியை விழுங்கிவிட்டு, "இன்டர்நெட்டா? அதெல்லாம் ரெண்டு வருஷம் ஓடும், அப்புறம் போயிடும்" என்றான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கு முன்னாடி உங்க லெட்ஜர் போயிடும்" என்றேன்.

அப்பா இருமினார். பையனின் அம்மா தட்டிலிருந்த பஜ்ஜியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். கிளம்பும்போது, "போய் லெட்டர் போடறோம்" என்றாள். பத்து நிமிஷ தூரத்துக்கு லெட்டர்!

லெட்டரும் வரவில்லை, போனும் வரவில்லை. தகவல் கேட்டுக்கொண்டு பெண்ணின் அப்பாதான் நடக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அப்பா இரண்டு முறை போய்விட்டு வந்து, "அவா ஊர்ல இல்லை போலிருக்கு" என்றார். மூன்றாவது முறை போனது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். நான் வேலை முடிந்து வரும் வழியில், எதிர்ச்சாரி மருந்துக்கடை வாசலிலிருந்து அவரைப் பார்த்தேன். இரும்புக் கேட்டுக்கு வெளியே, கக்கத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே டிவி ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. மாடியில் அந்தப் பையன் வந்தான், கொடியிலிருந்து பனியனை எடுத்தான், கீழே நின்ற அப்பாவைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். அப்பா இன்னும் இருபது நிமிஷம் நின்றார். பிறகு வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு, "அவா ஊர்ல இல்லை போலிருக்கு" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன். 'வாய்க்காரி' என்று அந்த அம்மாள் சபா கேன்டீனில் சொன்னதாகக் காதுக்கு வந்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை, அது உண்மைதான். ஆனால் என் அப்பாவை வாசலில் நிறுத்தினார்கள். அன்று முதல் கறுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருஷம் மே மாதம், டைப் அடிப்பதற்காக வைத்திருந்த படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் அவன் போட்டோ. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று சொல்ல வெட்கமில்லை. அவன் விவரங்களை நான் அழிக்கவில்லை, திருத்தவில்லை. அது கண்டுபிடிக்கக்கூடிய திருட்டு. அவனுடைய பக்கம் ஒழுங்காக இருக்கும், ஆனால் யார் தேடினாலும் பட்டியலில் வரமாட்டான். அதற்கு ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்.

எந்த அடையாளத்தை வைத்து மறைப்பது என்பதில்தான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். பதிவு எண்ணை வைத்து மறைத்தால், ஒன்றும் வரவில்லையே என்று அலுத்து அந்த அம்மாள் புதிதாகப் பதிவு செய்வாள், எண் மாறிவிடும். பேரையும் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மாறாதது ஒன்றுதான், தொலைபேசி எண். அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. ஆகவே 'இந்தத் தொலைபேசி எண் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களைக் காட்டு' என்று எழுதினேன். எழுதி முடித்து ஃபில்டர் காபி வரவழைத்துக் குடித்தேன். அவ்வளவு ருசியான காபியை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

மாதா மாதம் அந்த அம்மாளே போன் செய்வாள். பதிவு எண் அவளுக்கு எப்போதும் கைக்கு அகப்படாது, தன் வீட்டுப் போன் நம்பரைத்தான் சொல்லுவாள். "ஏதாவது வந்துதா?" என்று கேட்பாள். என் குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சும்மா இரண்டு சாவிகளைத் தட்டிச் சத்தம் காட்டிவிட்டு, "ஒருத்தரும் வரலை மாமி" என்பேன். ரிசீவரை வைத்த பிறகு அப்பா நின்ற கேட்டை நினைத்துக்கொள்வேன். நில்லு, நீயும் நில்லு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனி, ஆடி, ஆவணி என்று இப்படியே ஆறு மாதம் ஓடியது.

மார்கழியில் ஒரு மத்தியானம். முதலாளி வெளியே போயிருந்தார், டைப் அடிக்கும் பெண் லீவு. முப்பது தாண்டிய ஒரு பெண் படியேறி வந்தாள். அடையாறில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம், அரை நாள் லீவு போட்டுப் பஸ்ஸில் வந்தாளாம். தன் பதிவை எடுத்துவிட வேண்டும் என்றாள். போன் நம்பர் கேட்டேன். சொன்னாள். அந்த ஏழு எண்களை நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன்.

"அந்த நம்பர்ல ஒரு பையன்தானே இருக்கார்?" என்றேன்.

"அவன் என் தம்பி. அவன் படிவம் குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு அம்மா எனக்கும் குடுத்தா. அவனுக்குப் போன மாசம் நிச்சயமாயிடுத்து, நங்கநல்லூர் தரகர் கொண்டுவந்த இடம். அவன் எங்க கம்ப்யூட்டரை நம்பினான்?" என்று சிரித்தாள். பிறகு, "எனக்குத்தான் ஒருத்தர்கூட வரலை. அம்மா மாசாமாசம் எனக்காகத்தான் கேட்டுண்டிருந்தா. கம்ப்யூட்டர்லயே இல்லைன்னா இனிமே எங்க தேடறதுன்னு திருச்சியில ஒரு இடம் முடிச்சுட்டா. ரெண்டாந்தாரம். ரெண்டு குழந்தை, மூத்தவனுக்குப் பன்னெண்டு வயசு. தையில கல்யாணம்" என்றாள்.

அவள் எதிரிலேயே அந்த வரியை எடுத்துவிட்டு, அவளுக்குப் பொருந்துகிறவர்களைத் தேடினேன். பதினொரு பேர் வந்தார்கள். அவள் எட்டிப் பார்த்து, "இவாள்ளாம் யாரு?" என்றாள்.

சர்வரில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் எல்லாப் பாவத்துக்கும் அதுதான் கங்காஸ்நானம். ஏனோ வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். உன் தம்பியை மறைத்தேன், கூடவே நீயும் மறைந்துவிட்டாய் என்றேன். ஏன் என்றாள். உன் தம்பி என்னைப் பெண் பார்க்க வந்தான், உன் அம்மா என் அப்பாவை வாசலில் நிற்க வைத்தாள் என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அந்த வருஷம் அவனுக்குப் பதினாலு பொண்ணு பார்த்தா. நீ எத்தனாவது?"

எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது. என்னை எங்கேயும் அழைச்சுண்டு போகமாட்டா. ஆத்துல கல்யாணமாகாத அக்கா இருக்கான்னு தெரிஞ்சா இடம் தட்டிப்போயிடுமாம்."

பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே நாற்காலியில் எதிரே உட்கார்ந்திருந்தன. அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் போனை என் பக்கம் தள்ளினாள். "பதினொருத்தருக்கும் போன் பண்ணு. நீயே பேசு. நான் கேட்டுண்டிருக்கேன்."

பட்டியலை அச்சடித்து அவளிடம் கொடுத்தேன், மோடத்தை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். பையனுக்கு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். கல்யாணம் ஆனதும் யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை, கம்ப்யூட்டருக்கும் அது தெரியாது. "ஆவணியிலயே ஆயிடுத்தேம்மா." "ஐப்பசியில ஆச்சு." "மருமகள் இப்ப முழுகாம இருக்கா." அவள் பட்டியலை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பேராக அடித்துக்கொண்டே வந்தாள், நோட்டுத் திருத்துகிற மாதிரி. இரண்டு வீடுகளில் வயது அதிகம் என்றார்கள். அதையும் அடித்தாள். நிறுத்தலாமா என்று கேட்டேன். அவள் அடுத்த எண்ணைப் படித்தாள்.

பதினொன்றாவது ஆள் கோட்டூர்புரம், கல்லூரி ஆசிரியர். அவரே எடுத்தார். கார்த்திகை கடைசியில் நிச்சயம் ஆகிவிட்டது என்றார். வைக்கப் போனேன். அவர் விடவில்லை, பெண்ணின் வயது, நட்சத்திரம், படிப்பு, எப்போது பதிவு செய்தது எல்லாம் கேட்டார். சொன்னேன்.

"மே மாசத்துலேர்ந்தே இருக்காளா? நான் வாராவாரம் சனிக்கிழமை ப்ரௌசிங் சென்டர்ல போய் இதையேதானே தேடிண்டிருந்தேன்? இப்படி ஒருத்தர் வரவே இல்லையே?"

ரிசீவரோடு காதை ஒட்டி வைத்திருந்தவள், அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணுதான் பேசறேன்" என்றாள். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லை, இல்லை. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். தேடினேளான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்." வைத்துவிட்டாள்.

கடைசிப் பேரை அவள் அடிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த அம்மாளின் வாசலில் நின்று சொல்ல வேண்டும் என்றுதான் அப்போதும் எனக்கு ஆசை.

"வேண்டாம்" என்றாள். "பதினோரு பேர் இருந்தான்னு தெரிஞ்சா ஆயுசு பூரா அதையே சொல்லிண்டிருப்பா. நான் அங்க போய்க் குடித்தனம் பண்ணியாகணும். ஒருத்தரும் வரலைன்னே சொல்லு. சத்தியமா?"

சத்தியம் செய்து கொடுத்தேன். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மாள் போன் செய்தாள். பெண்ணின் பதிவை எடுத்தாகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன். வைக்காமல், "கடைசி வரைக்கும் ஒருத்தர்கூட வரலையா?" என்றாள்.

நாக்கு துடித்தது. ஒன்றரை வருஷமாக நான் காத்திருந்த இடம் அதுதான். கோட்டூர்புரத்தில் ஒருவர், முதல்தாரமாக, உன் பெண்ணையே சனிக்கிழமை சனிக்கிழமை தேடிக்கொண்டிருந்தார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் சாகிற வரை தூங்கமாட்டாள்.

"ஒருத்தரும் வரலை மாமி."

"எனக்குத் தெரியுமே" என்றாள். "அவ ராசி அப்படி. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். நீ என்னம்மா பண்ணுவே?"

"ஆமாம் மாமி" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.