மேசையில் கிடந்த நட்டு

வெற்றிச்செல்விக்கு முப்பத்தாறு வயது. உடையார்பாளையத்தில், ஜெயங்கொண்டம் போகும் ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக் கூலி வாங்கியவர்கள். அவள் ஐ.டி.ஐ.யில் வண்டி மெக்கானிக் படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். கடை திறந்த முதல் வருஷம் பஞ்சர் ஒட்ட மட்டுமே ஆள் வந்தது. எஞ்சினைப் பிரிக்க அவளை நம்பி வண்டியை விட யாருக்கும் மனசு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தார்கள். ஒரு தப்பு நடந்தால் போதும், அத்தனை பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

போன சித்திரையில் ஆரோக்கிய பிரபு வண்டியைக் கொண்டுவந்து விட்டார். வரதராஜன்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். பின்பக்கம் நடுவில் ஒரே ஷாக் அப்சர்பர் இருக்கிற வண்டி. அதில் ஆயில் கசிந்து, பள்ளத்தில் விழுந்தால் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது.

"சுண்ணாம்புக்கல் லாரி போயி ரோடு பூரா குழியாக் கெடக்கு. மூணு பேரு போனா முதுகு ஒடஞ்சுரும் போல இருக்குக்கா" என்றார்.

அவள் ஷாக்கைக் கழற்றி, உள்ளே சீலும் ஆயிலும் மாற்றினாள். ஷாக்குக்குள் அடைக்கிற நைட்ரஜன் கேஸ் ஏற்ற அதைத் திருச்சிக்கு அனுப்பி வாங்கினாள். மூணு பேர் பாரம் தாங்க இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டாள். நாலு நாள் வேலை.

அஞ்சாம் நாள் காலை ஷாக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். மேல் போல்ட்டை முறுக்கி முடித்து, கீழ் போல்ட்டைத் தள்ளி உள்ளே விட்டாள். பழைய நட்டு தேய்ந்திருந்ததால் புதுசு எடுக்க எழுந்தாள். அந்த நேரம் பார்த்து பிரபு, மனைவி ஜெனிதாவோடும் நாலு வயசு மகளோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். குழந்தை நேராக ஓடிப்போய் வண்டிச் செயினில் விரலை வைத்தது.

"ஐயோ பாப்பா!" என்று கையில் எடுத்ததை மேசையில் போட்டுவிட்டு வெற்றிச்செல்வி ஓடிப்போய்த் தூக்கினாள். ஜெனிதா குழந்தையின் கையைத் துடைத்தாள். அரியலூரில் அம்மா வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் போகணும் என்று அவசரப்படுத்தினாள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமலே வெற்றிச்செல்வி சாவியைக் கொடுத்துவிட்டாள்.

இருபது நிமிஷம் கழித்து மேசையைத் துடைத்தபோதுதான் பார்த்தாள். கவர்கூடப் பிரிக்காத புது நட்டு.

முதலில் அது எந்த வண்டியுடையது என்றே புரியவில்லை. பிரபு வண்டிக்கு எடுத்தது என்று புரிந்ததும் துணியைக் கீழே போட்டாள். நட்டு இல்லாத போல்ட், குழியில் விழுந்து எழும்ப எழும்ப வெளியே நகரும். முழுசாக வந்துவிட்டால் பின்பக்கம் அப்படியே டயர்மேல் உட்காரும். சக்கரம் இறுகிவிடும். பின்னால் சிமெண்ட் லாரி வந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டுகிறவர் எங்கே எடுக்கப் போகிறார்? நட்டையும் இரண்டு ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு தன் வண்டியை எடுத்தாள். கடையைப் பூட்டவில்லை.

அரியலூர் ரோட்டில் எதிரே வந்த லாரிகளின் தூசியில் கண் திறக்க முடியவில்லை. சேறு, ஆயில், எதுவானாலும் பழகின உடம்புதான். வேகத்தைக் குறைக்காமல் போனாள். தூரத்தில் ரோட்டோரம் ஒரு கும்பல் தெரிந்தது. லாரி ஒன்று சாய்வாக நின்றிருந்தது. 'மாதாவே' என்றாள், அவள் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை, அந்தக் குழந்தையின் கழுத்தில் கிடந்த மாதா மெடல்தான் ஞாபகத்தில் இருந்தது. கிட்டப் போனாள். லாரிக்கு டயர் வெடித்திருந்தது, அவ்வளவுதான். நிற்காமல் போனாள்.

கைகாட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நுங்குக் கடை. அங்கே நின்றிருந்தது அந்த வண்டி. பிரபு ஸ்டார்ட் செய்துவிட்டார். குழந்தை முன்னால் உட்கார்ந்திருந்தது, ஜெனிதா பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள்.

"சார்! வண்டிய எடுக்காதீங்க! எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!"

கத்தின கத்தலில் நுங்கு சீவிக்கொண்டிருந்தவர் அரிவாளோடு எழுந்துவிட்டார்.

அவள் மண்ணில் படுத்து, போன் வெளிச்சத்தில் அடியில் பார்த்தாள். போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. இன்னும் நாலு குழி தாங்கியிருக்குமா, தெரியாது.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்றார் பிரபு.

சும்மா ஒருதடவை செக் பண்ண வந்தேன் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. வாய் வரைக்கும் வந்தது அந்தப் பொய். கிடந்தபடியே தலையைத் திருப்பினாள். குழந்தை குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நட்டு போட மறந்துட்டேன் சார். ஷாக்கு போல்ட்டு கழண்டு வந்துகிட்டு இருக்கு. என் தப்புதான்."

போல்ட்டைத் தட்டி உள்ளே ஏற்றினாள். நட்டைப் பிடிக்க வைக்க முடியவில்லை. அடியில் இருட்டில் அது போல்ட்டின் மரையில் சேரவே மாட்டேன் என்றது. இரண்டு தடவை மண்ணில் விழுந்தது. கடைசியில் பிரபு குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெளிச்சம் பிடித்தார். மூணாவது தடவை ஏறியது. முழு பலத்தையும் கொடுத்து முறுக்கினாள்.

அவள் எழுந்தபோது ஜெனிதா குழந்தையை இடுப்பில் இறுக்கி வைத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என் புள்ளைய முன்னாடி உட்கார வச்சிருந்தோம்" என்றாள். அடுத்து வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிவிட்டாள். பிரபு பஸ்ஸுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

விஷயம் வெளியே போனது. அந்த வாரமே இரண்டு பேர் வேலை முடியாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. முறுக்கின நட்டையே நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். வண்டியை வெளியே விட்டால், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வரும்வரை சோறு இறங்கவில்லை.

ஆடி மாதம் ஜெனிதா தன் ஸ்கூட்டியில் தனியாக வந்தாள்.

"பின் பிரேக் சரியாப் புடிக்கல."

வெற்றிச்செல்வி கைத்துணியைக் கசக்கினாள். "ஜெயங்கொண்டத்துல நல்ல கடையா இருக்குங்களே..."

"இருக்கு. அங்க தப்பு நடந்தா பின்னாடியே தொரத்திகிட்டு வந்து சொல்லுவாங்களா?" என்றாள் ஜெனிதா. முகத்தில் சிரிப்பில்லை. "இன்னும் எனக்கு உங்க மேல கோவம்தான். நான் இங்கயே உட்கார்ந்து பார்ப்பேன்."

"பாருங்க" என்றாள் வெற்றிச்செல்வி.

ஜெனிதா ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வெற்றிச்செல்வி ஒவ்வொரு நட்டையும் முறுக்கி, முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தாள். பெரிய ஏரிக்கரை வரை தானே ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் சாவியை ஜெனிதாவிடம் கொடுத்தாள்.