சிமெண்டில் பூசிய கிரகங்கள்

சுவர் பூசுகிறவனுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, வீட்டுக்காரர் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவதுதான். கொத்துக்கரண்டி பிடித்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. திகாம் பத்து என்ற ஊரில் ஒரு புதுமனை விருந்து. நான் பூசிய கூடத்துச் சுவரை, என் பெண்டாட்டியின் அண்ணன் முனியாண்டி எல்லார் முன்னாலும் உள்ளங்கையால் தடவினான். அவனும் கொத்தனார்தான். "ஒரே மேடு பள்ளமா இருக்குலா, மாப்பிள்ளை" என்றான்.

அன்றிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. வாயில் சோற்றோடு சிரித்தவர்கள் யார் யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல்லை அவன் வாயாலேயே திரும்பப் பெற வைக்க வேண்டும், அதுதான் என் ஆசை.

புதன்

ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பூங்காவுக்குக் கிரகங்கள் செய்யக் கூப்பிட்டார்கள். கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி, முதலில் புதனைப் பூசினேன். முனியாண்டியை நினைத்துக்கொண்டே தேய்த்ததில் கண்ணாடி மாதிரி வந்தது.

அறிவியல் ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர் பார்த்துவிட்டு, போனில் படத்தைக் காட்டினார். உண்மையான புதன் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. எல்லாம் விண்கல் விழுந்த பள்ளங்களாம். அங்கே காற்றும் மழையும் இல்லாததால் விழுந்த பள்ளம் லேசில் அழியாதாம். மறுபடி சிமெண்டை அப்பி, ஈரத்திலேயே ரப்பர் கொட்டைகளையும் ஆற்றுக் கற்களையும் வீசி எடுத்தேன். டீச்சர் சுற்றி வந்து பார்த்தார். "அண்ணே, இன்னும் கொஞ்சம் அசிங்கமா வேணும்" என்றார்.

வியாழன்

மேடு பள்ளம் கைக்கு வந்துவிட்ட தெம்பில், வியாழனில் நானாகவே ஒரு மலை வைத்தேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அது வெறும் வாயு, கால் வைக்கத் தரையே கிடையாது என்றார். தரை இல்லாததற்கு எதைப் பூசுவது என்று கேட்டேன். "நீங்க எதைப் பூசினாலும் தப்புதான்ண்ணே. மழமழன்னு தேய்ச்சு, கோடு போட்டு விட்டுடுங்க" என்றார்.

செவ்வாய்

அதிகம் உழைத்தது இதற்குத்தான். ஒரு பக்கம் பெரிய எரிமலை. வயிற்றுக்குக் குறுக்கே நீளமான பள்ளத்தாக்கு. அதன் இரண்டு கரைகளையும் ஆணியால் கீறிக் கீறி எடுத்தேன்.

மழையால் வேலை பின்தங்கியதும் பள்ளியில் இன்னொரு ஆளையும் சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால், செவ்வாய் பக்கத்தில் முனியாண்டி கரண்டி கழுவிக்கொண்டிருக்கிறான். பள்ளத்தாக்கைக் காணோம். வெடிப்பு என்று நினைத்து, சிமெண்டு வைத்து அடைத்து, மட்டமாகத் தேய்த்திருந்தான். அது இறுகியும் போயிருந்தது.

நான்தான் அவனோடு பேசுவதில்லையே. ஏன் அடைத்தான் என்று டீச்சரை விட்டுக் கேட்டேன். அவன் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "வெடிப்பைப் பார்த்துட்டு அப்படியே விட்டுட்டுப் போறவன் கொத்தனாரா, டீச்சர்?"

திறப்பு விழா

உளி வைத்துப் பள்ளத்தாக்கைத் திரும்ப வெட்டினேன். திறப்பன்று பிள்ளைகள் நேரே அதற்குள்தான் கையை விட்டார்கள். முனியாண்டியின் பேத்தியும் அந்தப் பள்ளிதான். அதனால் அவனும் வந்திருந்தான்.

அவன் புதன் முன்னால் போய் நின்றான். அன்றைக்கு விருந்து வீட்டில் தடவியது போலவே உள்ளங்கையை விரித்துத் தடவினான். நான் கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு, காது கேட்கிற தூரத்தில் கூட்ட ஆரம்பித்தேன். இப்போதாவது திரும்பப் பெறுவான் என்று ஒரே இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். அவன் என் பக்கம் திரும்பாமல் டீச்சரிடம் சொன்னான்: "அப்பவே சொன்னேன், டீச்சர். இந்த மேடு பள்ளம் வேற யார் கைக்கும் வராதுலா."

டீச்சர் கை தட்டினார். அது பாராட்டா குத்தலா என்று பேசாத மச்சானிடம் கேட்க வழியில்லாததால், புதனைப் போல நானும் விழுந்த பள்ளத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.