செல் என்றொரு சொல்

போன நகரசபைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், பாரிஸ் லா ஷப்பேலில், நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே நடந்தது இது. எழுத உட்கார்ந்தவன் நடுவில் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

நான் பாண்டிச்சேரிக்காரன். இங்கே தபால் அலுவலகக் கவுண்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், குரல் அதைவிட நீளம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்திப் பழகிப்போயிற்று. எங்களுடையது வாடகைக் குடியிருப்பு. தேர்தலில் நின்ற ஓர் அணி, தாங்கள் வந்தால் இந்த மாதிரிக் கட்டடங்களின் கூரையில் சூரிய மின்தகடுகள் போடுவோம் என்று சொல்லியிருந்தது. லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் அதிலிருந்தே மின்சாரம் வரும், எங்கள் தலையில் விழும் பொதுச்செலவு குறையும் என்பது அவர்கள் பேச்சு. வாக்காளர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, வேட்பாளர்கள் வரும் கூட்டத்தில் வாசிப்பது என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது.

ஸ்பானிய மொழி பேசும் வீடுகளுக்குப் போக ஒரு கொலம்பியாக்கார அம்மாள் ஒத்துக்கொண்டார். தமிழ் வீடுகளுக்கு நான். யாரும் என்னைக் கெஞ்சவில்லை, நானேதான் கையைத் தூக்கினேன். எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்தவர்கள். ஆனால் என்ன, தமிழ் தமிழ்தானே, நான் பேசினால் புரியாதா என்று நினைத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாயைத் திறந்தால் பாதி பிரெஞ்சு கலந்து பேசுகிறவன் நான். அன்றைக்குப் பார்த்து எனக்குத் தமிழ்ப் பற்று பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சங்கத்தார் கொடுத்த தாளில் பிரெஞ்சில் இருந்ததை அப்படியே சொல்லக் கூடாது, சனங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று பாண்டியில் இருக்கும் என் அக்காள் மகனுக்குப் போன் போட்டேன். அவன் வீட்டு மாடியில் இதையெல்லாம் போட்டிருக்கிறான். "பேனல்னு சொன்னாலும் உள்ள இருக்கறது செல்லுதான் மாமா, சோலார் செல்லு" என்றான். அட, டார்ச் லைட்டில் போடுகிற செல் தெரியாத தமிழன் உண்டா என்று எனக்கு ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு பெண்மணி. அவரும் அவர் கணவரும் ஆளுக்கொரு உணவகத்தில் வேலை செய்பவர்கள், ஒரு சின்னப் பெண் இருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இதைப் பற்றிக் கேட்க நான் வருவதாகக் கீழே அறிவிப்பு ஒட்டியிருந்தோம். அவர் வேலைக்குப் போகிற உடுப்பில் இல்லை, நல்லதாக ஒரு சேலை கட்டியிருந்தார். மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. "வாங்கோ அண்ணை, உள்ளுக்கை வந்து இருங்கோ" என்றார்.

எனக்கு இன்னும் பல வீடு இருந்தது. அதோடு யார் இப்போது உட்கார்ந்து கதை கேட்பது என்ற அலுப்பும் இருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, என் கவுண்ட்டர் குரலில் ஆரம்பித்தேன்.

"இல்லம்மா, ஒரு நிமிஷ வேலை. நம்ம கூரை மேல பூரா செல் போடப் போறாங்க. கூரையில ஒரு இடம் பாக்கி இல்லாம போடுவாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சட்டென்று திரும்பி உள்ளே பார்த்தார். சாப்பாட்டு மேசையில் இருந்த அவர் கணவர் நாற்காலியிலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே போனார். போகும்போதே பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மகளின் கையைப் பிடித்து இழுத்து, அவளையும் மேசைக்கு அடியில் கொண்டுபோய், அவள் தலைமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பிள்ளை "பப்பா! பப்பா!" என்று கத்தியது.

"வேண்டாம் அண்ணை, வேண்டாம். போங்கோ" என்று அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காலங்காத்தாலேயே இந்த ஆள் தண்ணி போட்டுவிட்டானா என்று நினைத்தேன். தாளில் அந்த வீட்டுக்கு நேரே 'எதிர்ப்பு' என்று எழுதினேன். அன்று லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. முழங்கால் வலியோடு மேல் மாடிகளுக்கு ஏற மனம் வரவில்லை. இவர்களுக்கெல்லாம் இதில் எங்கே அக்கறை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் அதையே எழுதிச் சங்கத்தில் தாள்களைச் சேகரிக்கும் அம்மணியிடம் கொடுத்துவிட்டேன்.

மதியம் ரூ காய் என்ற தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் கொலம்பியாக்கார அம்மாளோடு டீ குடிக்க உட்கார்ந்தேன். அவருக்குப் போன வீடெல்லாம் வரவேற்பாம். லத்தீன் அமெரிக்கச் சனங்கள் அவரை உட்கார வைத்து மின்சாரப் பில்லைக் காட்டினார்களாம், வெயில் சும்மாதானே கிடைக்கிறது, ஏன் இவ்வளவு நாள் போடவில்லை என்று அவரிடமே சண்டைக்கு வந்தார்களாம். பிரெஞ்சில் அவர் அதைச் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் ஒரு பொறாமை. உடனே என் வாய் நீண்டது. "எங்கள் ஆட்கள் அப்படியில்லை. நகை, வீடு, கோயில் திருவிழா, அவ்வளவுதான். கூரை, வெயில் என்று பேசினால் பயந்து ஓடுவார்கள்" என்றேன். அதோடு விட்டேனா? மேசைக்கு அடியில் அந்த மனிதர் புகுந்த கதையைக் கைகால் ஆட்டி நடித்துக் காட்டினேன். கேட்ட கேள்வியையும் தமிழிலேயே ராகம் போட்டுச் சொன்னேன்.

பக்கத்தில் டீ வைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"அண்ணை, என்னண்டு கேட்டனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ."

பெருமையாகத் திருப்பிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, எங்கடை ஆக்களுக்குச் செல் எண்டா ஆமி அடிக்கிற குண்டு. செல்லடி எண்டு கேள்விப்படேல்லையோ? வீட்டுக் கூரையைப் பிச்சுக்கொண்டு விழுறது. அதையோ நீங்கள் கூரை முழுக்கப் போடப் போகினம் எண்டு சொன்னனீங்கள்?"

கொலம்பியாக்கார அம்மாள் அவர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். கடைக்காரர் அடுப்படிக்குப் போய்விட்டார், மொழிபெயர்க்க என்னை விட்டால் வேறு ஆளில்லை. நான் அந்த வீட்டில் என்ன சொன்னேன் என்பதை என் வாயாலேயே பிரெஞ்சில் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்சம் முன்னால் என் நடிப்புக்குச் சிரித்த அவர், இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை. டீ அப்படியே ஆறிப்போனது.

நேரே கட்டடத்துக்குப் போனேன். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது மணியை அழுத்தக் கை வரவில்லை. கடைசியில் விரலால் மெல்லத் தட்டினேன். அந்த அம்மாள் வெளியே வந்து கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்றேன்.

"உங்களிலை பிழையில்லை அண்ணை. உங்கடை தமிழ் அப்பிடி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "இப்பத்தான் அவர் குளிசை இல்லாமல் நித்திரை கொள்ளத் தொடங்கினவர். எனக்கு அது செல் இல்லையெண்டு அந்த நேரமே விளங்கினது. பாரிசிலை ஆர் செல் அடிக்கப் போகினம்? ஆனா அவருக்குக் காதிலை விழுந்திட்டுது."

அவரே தொடர்ந்தார்.

"எங்களுக்கு இப்பத்தானே சிட்டிசன் கிடைச்சது. இதுதான் முதல் வோட்டு. இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் எங்களிட்டை, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டதில்லை. நீங்கள் கேக்க வாறீங்கள் எண்டு தேத்தண்ணி போட்டு வைச்சிருந்தனான். அவரும் நானும் என்ன சொல்லுறதெண்டு முதல் நாளே கதைச்சு வைச்சிருந்தனாங்கள்."

"என்னம்மா சொல்றதா இருந்தீங்க?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"போடட்டும் எண்டுதான். லிஃப்ட் நெடுக வேலை செய்யாமல் நிக்குது, கரண்ட் காசு கூடிப்போச்சு. ஆனா போட்டிட்டு வாடகையைக் கூட்டுவினமோ? பழுதாப் போனா ஆர் பாக்கிறது? இதுகளைக் கேக்கவேணும் எண்டு இருந்தம்." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பனோ எண்டே சொல்லியிருக்கலாமே அண்ணை. அது இஞ்சை எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

பனோ. தகட்டுக்குத் தாளில் பிரெஞ்சில் இருந்த அதே சொல்! லா ஷப்பேலில் எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

கூட்டத்தன்று பள்ளிக்கூட மண்டபத்தில் எழுந்து நின்று, தமிழ் வீடுகளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு வீட்டில் தவறாகக் கேட்டேன், மற்ற வீடுகளில் கேட்கவே இல்லை என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். அதன் பிறகு அந்த அம்மாள் எழுந்தார். உடைந்த பிரெஞ்சுதான், ஆனால் வாடகை பற்றியும் பழுது பற்றியும் தன் கேள்விகளைத் தானே வேட்பாளரிடம் கேட்டார். வேட்பாளர் தடுமாறிப்போனார். கணவரும் வந்திருந்தார். கூரை என்ற சொல் வரும்போதெல்லாம் அவர் கண் ஒரு தடவை மேலே போய்த் திரும்பியது. மண்டபத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கூரையில் இன்னும் எதுவும் போட்டபாடில்லை. லிஃப்டில் அந்த மனிதரைப் பார்த்தால் "சுகமோ அண்ணை?" என்று அவரே முதலில் விசாரிக்கிறார். நான் கூனிக் குறுகிப் போகிறேன். அவருடைய மகள் மட்டும் என்னைக் கண்டதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், எங்கே நான் மறுபடி வாயைத் திறந்துவிடுவேனோ என்று. அந்தச் சின்னக் கை போய்ப் பிடிப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய், எனக்காகப் போட்டு வைத்திருந்த அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கியிருக்கக் கூடாதா என்று மனம் என்னைப் பிடுங்கித் தின்கிறது.