தேவனின் தங்கை

வேனைக் கிளப்புவதற்கு முன் தனலெட்சுமி உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, கைப்பேசி வெளிச்சத்தில் தலைவகிட்டைப் பிரித்துப் பார்ப்பாள். ஒரு வெள்ளை முடி தட்டுப்பட்டால் நகத்தால் கவ்விப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே போடுவாள். பிறகு கண்களை மாறி மாறிப் பொத்திக்கொண்டு, எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே எரியும் ஒற்றை விளக்கைப் பார்ப்பாள். விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வளையம் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் சாவியைத் திருகுவாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. அந்த வயதில் ஒரு நரைமுடியைப் பார்த்து யாரும் நடுங்குவதில்லை. அவள் நடுங்கினாள்.

மலேசியாவில் கோலா பிலாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளியில் கொண்டு விடுவது அவள் தொழில். வேனில் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்வாள், சாப்பிட்டால் பொறுக்கமாட்டாள். வழியில் திடீரென்று, "எதுக்க வர்ற லோரி நம்பர் என்னா? சொல்லு, சொல்லு!" என்பாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கத்துவார்கள். தன் கண்ணுக்கு முதலில் தெரிந்ததா, அவர்கள் கண்ணுக்கா என்று அவள் தனக்குள் ஒப்பிட்டுக்கொள்வது அவர்களுக்குத் தெரியாது. ஆன்ட்டி விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பயத்துக்கெல்லாம் ஊற்றுக்கண் அவளுடைய அண்ணன் தேவன்.

தேவனுக்கு வயது நாற்பத்தொன்று. பார்த்தால் எழுபது சொல்லலாம். பன்னிரண்டு வயதில் எந்த உயரத்தில் இருந்தானோ, ஏறக்குறைய அந்த உயரத்திலேயே நின்றுவிட்டான். இருபத்து நான்கு வயதில் தலை பஞ்சாகிவிட்டது. முப்பதைத் தாண்டியதும் இரண்டு கண்ணிலும் புரை. பிறகு சர்க்கரை. கைகால்கள் குச்சியாகி, முகத்துத் தோல் எலும்போடு இறுகி, மூக்கு கூர்ந்துவிட்டது. குரல் சளி பிடித்த சிறுமியின் குரல் மாதிரி கீச்சென்று வரும். கணுக்காலில் வந்த புண் இரண்டு வருடமாக ஆறவில்லை. சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் அதோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

கிளினிக்குக்குக் கூட்டிப் போனால் தாதி தனலெட்சுமியிடம், "அப்பாவ இப்படி உக்கார வைங்க" என்பாள்.

"நா அப்பா இல்லலா, அண்ணன்" என்று தேவன் சிரிப்பான். "எழுவது வயசுக்கு எல்லாரும் நடந்து வர்றாங்க, நா மோட்டர்ல வந்துட்டேன்."

தாதி சங்கடத்தோடு சிரிப்பாள். தனலெட்சுமியின் கை தன் தலைவகிட்டுக்குப் போகும்.

அந்தப் புண்தான் கடைசியில் அவர்களைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கே மரபணு மருத்துவர் நிலானி ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு தன் யாழ்ப்பாணத் தமிழில் பொறுமையாக விளக்கினாள்.

"உடம்பில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி ஒண்டு இருக்குது. செல் ரெண்டாகப் பிரியேக்க அந்த நூலை விரிச்சு நகல் எடுக்க வேணும். அப்ப சிக்கு விழும், சில இடத்தில அறும். சிக்கெடுக்க, ஒட்டுப்போட உடம்பிலயே ஆள் இருக்கு. உங்கட அண்ணாவுக்கு அந்த ஆளைச் செய்யிற மரபணுவில பிழை. அம்மா தந்ததிலயும் பிழை, அப்பா தந்ததிலயும் பிழை. அதால சிக்கு எடுபடாமல் சேந்துகொண்டே போகுது."

"அதுனால கெழவனாயிட்டாரா?"

"முதுமை எண்டுறதே கொஞ்சம் அப்படித்தான். அறுந்ததெல்லாம் முழுசா ஒட்டுப்படாது. எல்லாருக்கும் மெல்ல மெல்லச் சேரும். இவருக்கு வேகமாச் சேருது."

"உங்களுக்கும் சேருதா டாக்டர்?"

நிலானி முடிவுத் தாளை மடித்தபடி, "எனக்கும்தான்" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் சொந்த அத்தை மகன், மாமன் மகள். இருவரும் இப்போது இல்லை. தேவனுக்குப் பூசாரியிடம் கயிறு கட்டினார்கள், எவரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்லித் தகடு எடுத்தார்கள். காரணம் தங்கள் ரத்தத்திலேயே இருந்தது தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அப்படியானால் தனக்கும் இருக்குமோ? அந்தக் கேள்வியோடு தனலெட்சுமி பல மாதங்கள் வேன் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டு, எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்த்தாள். தொண்டை கட்டினால் அன்றைக்கு யாரோடும் பேசமாட்டாள். ஒருநாள் நிலானியே கூப்பிட்டு, "வந்து ரத்தம் குடுங்கோ. பயந்துகொண்டு இருக்கிறதை விடத் தெரிஞ்சுகொள்றது நல்லம்" என்றாள். கொடுத்தாள். முடிவு வந்தது. அவளுக்கு ஒரு பக்கத்து மரபணுவில் மட்டும்தான் பிழை. மற்றது நன்றாக வேலை செய்கிறது. அவளுக்கு நோய் வராது.

தனலெட்சுமி மேசைமேல் தலைசாய்த்து அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்த நிலானி மெதுவாகக் கேட்டாள்: "உங்கட கணவர் சொந்தமா?"

கணேசமூர்த்தி அவளுடைய தாய்மாமன் மகன். ஒரே மகள் மாதவிக்குப் பன்னிரண்டு முடியப்போகிறது.

அன்றிலிருந்து அவள் தன் தலையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். உள்கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். கூடப் படிக்கும் பெண்களெல்லாம் ஒரே வருடத்தில் முருங்கைக்காய் மாதிரி நீண்டு, முன்சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மாதவியின் கால்கள் இன்னும் சீட்டுக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தன.

கணவன் ரத்தம் கொடுத்தால் பாதி விடை கிடைத்துவிடும். அவனிடம் பிழை இல்லையென்றால் மகளுக்கு வர வழியில்லை. கணேசமூர்த்தி பனங்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், யாருக்கும் அஞ்சாதவன் என்று பெயர். அவன் மறுத்துவிட்டான்.

"எங்க வூட்ல யாருக்கும் இல்ல. எங்கப்பா சாவுற வரைக்கும் தெம்பா இருந்தாரு. நீ சும்மா இல்லாதத இழுத்து வூட்டுக்குள்ள வுடாத."

"இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கலாம்ல?"

"இருக்குன்னு தெரிஞ்சா?"

அதற்குப் பிறகு அவன் மகளை நேராகப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டதை அவள் கவனித்தாள். அவனும் பயந்துதான் போயிருந்தான்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவன் வந்தான். மாதவி பக்கத்து வீட்டில் இருந்தாள். தேவன் கணேசமூர்த்திக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டி, புண்ணுக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"மச்சான், வாட வரும், மூக்கப் பொத்திக்க. கண்ண மூடாத."

சுற்றிச் சுற்றித் துணி விழுந்தது. கணுக்காலில் தோல் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான குழி ஒன்று இருந்தது. அதன் ஆழத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது.

"எனக்கு என்னான்னே தெரியாம இருவது வருஷம் போச்சு. சாமி குத்தம்னாங்க, செய்வினன்னாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சக்கரைய அப்பவே பாத்திருப்பேன், இந்தக் காலயும் பாத்திருப்பேன். எனக்கு வந்தது வந்துருச்சு, அத வுடு. பாப்பாவுக்கு வருதோ வரலியோ, தெரியாம மட்டும் போகக் கூடாதுலா."

கணேசமூர்த்தி எழுந்து உள்ளே போனான். கோபித்துக்கொண்டான் என்றே தனலெட்சுமி நினைத்தாள். அவன் புதுக் கட்டுத்துணியோடு திரும்பி வந்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மச்சானின் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, பழகாத கையால் மெல்லச் சுற்றிக் கட்டினான். அடுத்த வாரம் ரத்தம் கொடுத்தான்.

அவனிடமும் இருந்தது.

"நாலில ஒரு பங்குதான் வர வாய்ப்பு" என்றாள் நிலானி. "மிச்சம் மூண்டு பங்கு வராமல் இருக்க. பிள்ளைக்கு இப்ப சோதனை வேண்டாம். நல்லா இருக்கிறா. வளந்த பிறகு அவவே யோசிச்சு முடிவெடுக்கட்டும். இடையில வளத்தி நிண்டுட்ட மாதிரித் தெரிஞ்சால் உடன வாங்கோ."

திரும்பும் வழியில் கணேசமூர்த்தி காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் குமட்டினான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாம கட்டிக்கிட்டது தப்பா, தனம்?" என்றான்.

"தெரியாதுல்ல நமக்கு" என்றாள் அவள். தண்ணீர் போத்தலைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

மகளிடம் இருவரும் சேர்ந்து சொன்னார்கள். மாதவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமாவுக்கு வலிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

மாதவி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வருடம் பிறக்கப்போகிறது. சீருடை வாங்க அவளைச் சிரம்பானுக்குக் கூட்டிப் போனாள் தனலெட்சுமி. கடைக்காரப் பெண் மாதவியை ஏற இறங்கப் பார்த்து நீல உடுப்பு ஒன்றை எடுத்து வந்தாள். சரியாகப் பொருந்தியது.

"இத விடப் பெரிசு குடுங்க" என்றாள் தனலெட்சுமி. அடுத்தது வந்தது. "இன்னும் பெரிசு."

மூன்றாவதை மாட்டிக்கொண்டு மாதவி கண்ணாடி முன் நின்றாள். "அம்மா, சாக்கு மாதிரி இருக்கும்மா."

"சின்னப் புள்ளக்கா, இது தொளதொளன்னு தொங்கும்" என்றாள் கடைக்காரப் பெண். "மொதல்ல காமிச்சதே போதும். பத்தலன்னா அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

"வளருவா" என்றாள் தனலெட்சுமி. குரல் கொஞ்சம் அதிகமாகவே ஒலித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கடைத் தரையிலேயே மகளின் காலடியில் மண்டியிட்டாள். கைப்பையிலிருந்து ஊசிகளை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டாள். தரையைத் தொட்ட துணியை உள்பக்கமாக ஒரு சாண் அகலத்துக்கு மடித்தாள். பிரித்துவிட வேண்டிய நாளில் சுலபமாகப் பிரிய வேண்டும் என்று, ஊசிகளை இறுக்காமல் தளர்வாகவே ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு வந்தாள்.