வர்சமே கட்டிய கப்பல் பாட்டு

செவ்வாய்க்கிழமை வந்தால், இன்றும் என் கை தானாகவே ஏழெட்டுக் கோப்பைகளை எடுத்து வைத்துவிடுகிறது. கார்டிஃப் துறைமுகத்தை அடுத்த தெருவில் என் கணவரும் நானும் நடத்திய விடுதியின் கூடத்தில், ஓய்வுபெற்ற சோமாலிய மாலுமிகள் அன்றைய மாலையில்தான் கூடுவார்கள். ஏலக்காய்த் தேநீர் ஆறும்வரை பாட்டு நடக்கும். வருத்தத்தை வெறும் பேச்சில் சொல்ல அவர்களுக்கு நா எழாது. பாட்டில் என்றால் தடையில்லை. ஒருவர் பாட்டை இன்னொருவர் சொல்லலாம். ஆனால், கட்டியவர் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவன் திருடன்.

மாடியறையில் குடியிருந்த வர்சமே, கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். பாட்டில் பெயர் பெற்றவர். ஒரு மார்ச் மாதம், ஊரிலிருந்த அவருடைய தம்பி இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வர்சமே கதவைச் சாத்திக்கொண்டார். நான் வைத்த சோறு தொடப்படாமல் திரும்பியது. மருத்துவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், கப்பலில் அவருடன் வேலை செய்த கூலேத் மாடியேறினார். தட்டுடன் நான் பின்னால் நின்றேன்.

"வர்சமே, நேத்து நான் ஒரு பாட்டுக் கட்டினேன். கேளுடா."

கரியைத் தின்னும் கலமே, என் கறுத்த ஒட்டகமே,
காணாத கரைக்கு என்னைக் கூட்டிப் போ.

தெருவுக்கே தெரிந்த வர்சமேயின் பாட்டு அது!

உள்ளே கட்டில் முனகியது.

"திருட்டுக் கழுதை! அது என்னோட பாட்டுடா!"

"ஊமைக்கு எதுக்குடா பாட்டு? உன்னோடதுன்னா மிச்சத்தச் சொல்லு, பாப்போம்."

கதவுக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் அடி தவறாமல் வந்தது. பாட்டு முடிந்த இடத்திலும் அது நிற்கவில்லை. நாங்கள் கேட்டறியாத அடிகள் தொடர்ந்தன:

கூடப் பிறந்தவன் குழிமேட்டில்
கைப்பிடி மண் போடக் கிட்டாத கை இது.

கூலேத் சுவரில் சாய்ந்தபடி அந்த அடிகளை மெல்லத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. வர்சமேயின் தாடி நனைந்திருந்தது. என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"ஆறிப்போச்சா, தங்கச்சி?"

"சுட வச்சுத் தரேன், அண்ணா."

அடுத்த செவ்வாயன்று, புதிய அடிகளுடன் அந்தப் பாட்டைச் சொல்ல கூலேத் எழுந்தார்.

"இது வர்சமே கட்டினது. வர்சமே! காது கேக்காதவங்களுக்கு இன்னொரு தடவ, வர்சமே!"

"ஒரு தடவ போதும்டா, திருடா," என்றார் வர்சமே, தமக்குரிய மூலையிலிருந்து.