மண்டைக்குள் ஏறாத மருந்து

கணக்கு டீச்சரான என் அம்மாவுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்ததும், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பத்தியத்துக்கு அவிநாசிச் சித்தி பொறுப்பு. மற்ற எல்லாவற்றுக்கும், துடியலூரில் பம்பு செட் கம்பெனி வைத்திருந்த தாய்மாமா.

கட்டி இருந்தது கத்தி வைக்க முடியாத இடம். மருந்துதான் வழி. அதிலும் சிக்கல் என்றார் டாக்டர். "ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்குதுங்க. கண்டதும் உள்ள போகக்கூடாதுன்னுதான் அது. நல்ல மருந்தையும் உடாது. மண்டைக்குள்ள ஏறாதுங்க."

அம்மா சிரித்துவிட்டாள். "என்ற கிளாஸ்ல நான் தினமும் சொல்றது இதத்தானுங்க டாக்டர்."

மாமா சிரிக்கவில்லை. காந்திபுரத்தில் ஒரு கிளினிக்கில் அவருடைய முழங்கால் வலிக்கு ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியால் தேய்த்துவிட்டிருந்தார்கள். அன்று முதல் அது மருந்தை உள்ளே தள்ளும் மோட்டார் என்பது அவர் முடிவு.

"ஏனுங்க, அதையே அக்கா தலையில வெச்சு ஓட்டிப்போட்டா?"

மண்டையோட்டைத் தாண்டாது என்றார் டாக்டர். மாமா விடுவாரா?

"பம்புக்குள்ள குமிழி வந்தா இரும்புச் சக்கரத்தையே அரிச்சுப்போடுதுங்க! ரத்தத்துல கொஞ்சம் காத்துக்குமிழிய உட்டு, வெளிய இருந்து அந்த அல்ட்ராசவுண்ட் சத்தத்தக் குடுங்க. தடுப்பு தானா தொறக்கும்."

ரத்தத்தில் காற்று போனால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அக்காவின் தலையும் ஆழ்குழாய்க் கிணறும் இவருக்கு ஒன்றா என்று நான் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல வருடங்கள் கழித்து, நுண்ணிய குமிழிகளை ரத்தத்தில் செலுத்தி, அல்ட்ராசவுண்டால் அதிரவைத்து, அந்தத் தடுப்பைச் சற்று நேரம் திறந்து மருந்தை உள்ளே அனுப்ப முயல்கிறார்கள் என்று படித்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் காதுகுத்து எதிலும் எங்களை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார். ஆனால் எனக்கு வந்தது சந்தோஷமல்ல, கோபம். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று யாரையாவது பிடித்துக் கேட்கவேண்டும் போலிருந்தது.

அன்று அம்மாவுக்குக் கிடைத்தவை மாத்திரைகள் மட்டுமே. அம்மா அவற்றை ஒழுங்காக விழுங்கினாள். ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் கேட்டால், வாய்ப்பாடு தப்பாமல் சொன்னாள். ஒரு மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க, உக்காருங்க. எந்த ஊருங்க நீங்க?"

"இந்த ஊர்தானுங்க," என்றேன்.